மூன்றாம் எண் குழியில் உங்கள் பீரோச் சாவி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்தையும், முக்கியமாக நீங்கள் கோபப்படாத நேரம் எது என்பதையும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை உங்கள் மருமகளான என் மகளிடமே கொடுத்தனுப்புகிறேன். பசை தடவி ஒட்டியிருக்கிறேன், படிக்க மாட்டாள்.

நகல் எடுத்து வரச் சொல்லி நீங்கள் கொடுத்த பீரோச் சாவி தொலையவில்லை. தொல்லியல் துறையிடம் பத்திரமாக இருக்கிறது. பதறாதீர்கள், பதறுவதற்கு நான் ஒருவன் போதும்.

பள்ளிப் பிள்ளைகளை மூன்று நாள் அகழாய்வுக்கு அழைத்துப் போனார்கள் அல்லவா, துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருவன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சதுரக் குழி, கொத்துக்கரண்டி, பிரஷ்; எனக்கு மண் கூடை சுமக்கும் உத்தியோகம். முதல் நாள் ஆய்வாளர் அம்மா மண்ணின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், நான் மரத்தடியில் கண் அயர்ந்துவிட்டேன். பக்கத்துக் குழிகளில் பானை ஓடும் மணியுமாக வந்துகொண்டிருக்க, நம் பெண்ணின் மூன்றாம் எண் குழியில் மண்ணுக்குக் கீழே மண்தான். "மண்ணு டாக்டர்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாளான இன்று காலையிலிருந்து அவள் தலை நிமிராமல் தோண்டிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை கழுவப் போனபோது, களிம்பேறிய உங்கள் சாவியை அவள் குழியில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்துவிட்டேன். பிள்ளை ஒரு நிமிஷம் சிரிக்கட்டும், அப்புறம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கை தூக்கினாள். ஆய்வாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினார். கயிறு கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், பச்சையாக எதையோ பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். "இந்த மாதிரி ஒண்ணு இங்க கெடச்சதே இல்ல"ன்னு அந்தம்மா கண் கலங்குறாங்க மச்சான், கயித்துக்கு இந்தப் பக்கம் நான் மண் கூடைக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூடமே பார்த்திருக்க, அதைக் கழுவப் போகிறார்கள். களிம்பு போனால் பீரோக் கம்பெனியின் பெயர் பளிச்சென்று தெரியும். நம் பெண்ணை ஏமாற்றுக்காரி என்பார்கள், அதை என்னால் தாங்க முடியாது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பாடிக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதரைக்கே போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன். பீரோவின் பூட்டைக் கழற்றிக்கொண்டு நீங்கள் சாட்சிக்கு வர வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
மண் சுமந்த மாப்பிள்ளை

பி.கு.: மாமா, நான்தான். அப்பா போட்ட பசை வழியிலேயே விட்டுடுச்சு. ஒருதடவ தோண்டி மூடின மண்ணு நிறம் மாறித் தெரியும்னு மொத நாளே சொல்லிக் கொடுத்தாங்க. சாப்பிட்டு வந்ததும் பார்த்தேன், உங்க சாவி. சாக்ஸுக்குள்ள போட்டுக்கிட்டு இன்னும் நாலு விரல் கீழ தோண்டினேன். அங்கதான் செம்பு வளையல் இருந்துச்சு. அது நெஜமாவே நான் கண்டுபிடிச்சது. அப்பா செஞ்சது எனக்குத் தெரியும்னா வெட்கப்படுவார், அதான் சொல்லல. சாவிய இதோட வச்சிருக்கேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அப்பாவ அந்தப் பீரோவுக்குள்ள வச்சாவது பூட்டிடுங்க.