மச்சானின் நான்காவது திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இக்கடிதம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதில் நான் என் மச்சானின் குப்பைக்கூடையைக் கிளறுகிறேன். மனைவியின் தம்பி, எங்கள் மாடியறையில் தங்கிக் கதை எழுதுகிறான். நானும் எழுதுகிறவன்தான். தாங்கள் திருப்பி அனுப்பிய பதினேழு கதைகளும் என்னுடையவை. நான் உட்கார்ந்தால் ஒரே மூச்சு; கடைசியில் 'நல்ல' என்பதை 'அருமையான' என்று மாற்றினால் திருத்தம் முடிந்தது, நேரே தபால்பெட்டிதான். அவனோ ஒரு மாதமாக ஒரே கதையை அடித்து, கிழித்து, கடைசிப் பத்தியை முதலில் கொண்டுவந்து, முதல் பத்தியைத் தூக்கியெறிந்து... "ஏன் மச்சான், எழுதத் தெரியாதவன்தானே இத்தனை அடிப்பான்?" என்று கேட்டேன். "இல்ல அத்தான், என்ன சொல்ல வந்தேன்னு அடிக்க அடிக்கத்தான் தெரியுது"ன்னான். அடித்த தாள்களைப் பொறுக்கிப் படித்தேன். கதையில் ஓர் அக்கா, ஒரு தம்பி, ஓயாமல் வளவளக்கும் ஓர் அத்தான். சாட்சாத் நானேதான்! இரண்டாம் பிரதியில் அத்தானின் மீசையைப் பென்சிலால் அடித்திருந்தான். சிரித்துக்கொண்டே கண்ணாடி முன் போனேன். மேலுதடு மழமழவென்றிருந்தது. "என் மீசை எங்கே?" என்று அலறினால், "உங்களுக்கு எப்பங்க மீசை இருந்துச்சு?"ங்கிறாள் மனைவி. மூன்றாம் பிரதியில் அத்தானின் நாற்காலி போயிற்று. இப்போது சாப்பாட்டு மேஜைக்கு இரண்டே நாற்காலி, நான் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன், யாரும் ஏனென்று கேட்கவில்லை. நேற்றுக் கூடையில் கிடந்த தாளின் ஓரத்தில், 'இந்த அத்தான் கதைக்குத் தேவையா?' என்றிருந்தது. மாடிக்கு ஓடினேன். "மச்சான், அத்தான் இல்லாட்டி இதுல சிரிக்க என்னப்பா இருக்கும்?" அவன் தலை நிமிராமல், "அக்கா, கீழ ரேடியோ ஏதும் பாடுதா?" என்றான்.

ஐயா, திருத்தி அனுப்பச் சொல்லி அவனுக்குக் கடிதம் போட்டவர் தாங்கள்தான். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், முதல் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். கசங்கியிருந்தாலும் அதில் நான் மீசையோடு முழுசாக இருக்கிறேன். அதையே அச்சேற்றிவிடுங்கள். அச்சான பிறகு பென்சில் என்ன செய்துவிடும்?

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
இதுவரை தங்கள் வாசகன்

பி.கு.: ஐயா, தம்பியின் கதையை உறையில் போடும்போது இந்தக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. அவன் வேண்டாமென்று எறிந்த பக்கமோ என்று பார்த்தேன். கையெழுத்து அவனுடையது இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். யார் எழுதியதென்று தெரிந்தால் தெரிவிக்கவும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.