ஏழாவது படியில் இருநூற்று முப்பது வோல்ட்

மின்சாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற விஷயமே எனக்குத் தெரியாமல் இருந்த வயது அது. வயது என்றால் பால் வடியும் வயது இல்லை, இருபத்தாறு. பி.காம். முடித்துவிட்டு ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், ஊரார் வீட்டில் தீப்பிடித்த கதைகளை எல்லாம் படித்து ஃபைல் போட்டுக்கொண்டிருந்தேன். (அதில் பாதிக்கு மேல் மின்கசிவு. தினமும் அதைப் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

கல்கத்தாவில், டாக்குரியா என்கிற பேட்டையில், எங்கள் வீடு மாடியில். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. தெருவுக்கே அவர் காகிமா, நம் கணக்கில் சித்தி. அம்மா மட்டும் அவரை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். காகிமாவின் பிள்ளை புபாய் ஒரு பேண்ட் வைத்திருந்தான். அதில் இரண்டாவது கிதார் நான். என் திறமையைப் பார்த்துச் சேர்த்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒத்திகைக்கு நான் மாடிப்படி இறங்கி வந்தால் போதும், அதனால் சேர்த்தான்.

துர்கா பூஜைக்கு எங்கள் தெருவின் கிளப் பந்தல் போடும். சப்தமி சாயங்காலம் பந்தலுக்குப் பக்கத்தில் மேடை கட்டி, புபாயின் பேண்ட் வாசிப்பதாக ஏற்பாடு. மேடைக்கு வேண்டிய கரண்டை வருஷா வருஷம் காகிமா வீட்டு மீட்டரிலிருந்துதான் இழுப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என்னிடம் பெடல்கள் இருந்தன. கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள். ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். நான் மேடையேறினால் எலி கடித்த கேபிள் டிவி பெட்டி மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஒரு பலகையில் ஒட்டி, அதற்குள்ளேயே கரண்டும் கொடுத்துவிட்டால், ஒரே ஒரு பிளக்கைச் செருகினால் போதும். கடையில் விற்கிறார்கள். ஆனால் எனக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாகவேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் இருந்த அலாரம் கடிகாரம் ஓடாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

பலகைக்கு என்ன செய்யலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது லாஃப்டில் அம்மாவின் கொலுப்படி கண்ணில் பட்டது. மாட்டிக் கழற்றும் ஸ்டீல் படி. மொத்தம் ஏழு. முழங்கால் வலி வந்ததிலிருந்து அம்மா ஐந்துதான் வைப்பாள், இரண்டு சும்மா கிடந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். நீளம், அகலம், வலு எல்லாம் பெடலுக்கென்றே செய்தது போல. டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி ஓட்டை போட்டேன். அடியில் அடாப்டரைத் திருகினேன். ஓரத்தில் ஒரு சுவிட்ச், இரண்டு சாக்கெட். மூன்று பின் பிளக்கிலிருந்து வரும் தடித்த ஒயரை ஓட்டை வழியாக உள்ளே விட்டேன்.

கீழ்வீட்டு ஒத்திகையில் முதல்முறை போட்டபோது ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். புபாய் காதைப் பொத்திக்கொண்டு, "ஏய், ஒன்று இது போகட்டும், இல்லை நீ போ" என்றான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? சாப்பிடும்போதும் அதே யோசனை. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக் கழற்றிக் கேட்டேன். பச்சை ஒயரைக் கழற்றினேன். நிசப்தம்! மறுபடி மாட்டினேன், ம்ம்ம்ம். கழற்றினேன், நிசப்தம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பச்சை ஒயருக்கு எர்த் என்று பெயர் என்பது தெரியும். அது எதற்கு என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி. அந்த ஒரு மார்க்கை நான் எழுதாமல் விட்டவன். பச்சை ஒயரைக் கத்தரித்து, சுருட்டி, டேப் சுற்றிவிட்டேன். "எப்படிடா பண்ணினே?" என்று புபாய் கேட்டபோது, "அதெல்லாம் ஒரு டெக்னிக்" என்று சொன்ன அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

மகாளயம் முடியும் சமயம் அம்மா அறிவித்தாள்: "இந்த வருஷம் ஏழு படி வைக்கப்போறேன்."

நான் லாஃப்டை ஒருமுறை பார்த்தேன். "முழங்கால்?"

"அது கிடக்கு. குமார்துலி பொம்மைக்காரா தெருவுக்குப் போய் புதுசா பொம்மை வாங்கிண்டு வந்திருக்கேன். வைக்க இடம் வேண்டாமா?"

அம்மாவின் கொலுவுக்கு ஒரு நிரந்தர சோகம் உண்டு. நவராத்திரியில் மதராஸில் இருந்தால் பத்து வீட்டு மாமிகள் வருவார்கள். இங்கே அதே நாட்களில் தெருமுனையில் மாடி உயரத்துக்கு துர்கை நிற்கும்போது, எங்கள் மாடிக்கு யார் ஏறி வருவார்கள்? காகிமா மட்டும் ஒருநாள் வந்து, "புதுல் குப் ஷுந்தோர்" என்பார். பொம்மைகள் ரொம்ப அழகு என்று அர்த்தம். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் பந்தலுக்குப் போய்விடுவார். அம்மா வாசலைப் பார்த்தபடி தனியாகப் பாடிக்கொண்டிருப்பாள்.

லாஃப்டிலிருந்து அப்பா ஆறு படிகளை இறக்கினார். வங்கியில் ரிட்டயர் ஆனவர், எதையும் இரண்டு தடவை எண்ணுவார். எண்ணினார். "ஆறுதான் இருக்கு. கொலு ஒத்தைப்படையில இல்ல வைக்கணும்?"

வேறு வழியில்லாமல் பெடல்களைப் பிய்த்துவிட்டு என் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள்.

"இதுல சீரியல் லைட்டைச் சொருகலாமா?"

"சொருகலாம்."

"ஒயரே தொங்காதா? அட, என் சமத்துக்கொழந்தே!"

இருபத்தாறு வயதில் கன்னத்தைக் கிள்ளினாள். இது பெடலுக்காகச் செய்தது என்கிற உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது இருந்த வாய்ப்பு அதுதான். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஏழாவது படியாக, எல்லாவற்றுக்கும் அடியில், என் பலகை அமர்ந்தது. பிளக்கைக் கொலுவுக்குப் பின்னால் சுவரில் செருகினோம். மேலே வெள்ளை வேஷ்டி விரித்து, பொம்மைகளை அடுக்கி, உச்சியில் கலசம் வைத்தாயிற்று. பக்கவாட்டு ஸ்டீல் குழாய்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "சப்தமிக்கு எனக்கு அந்தப் படி வேணும்" என்று மெதுவாகச் சொன்னேன். கொலு வைத்தபிறகு விஜயதசமி முடியாமல் ஒரு பொம்மையைக்கூட எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பெடல் இல்லாமல் வாசி என்றான் புபாய்.

மறுநாள் காகிமா வந்தார். குனிந்து பார்க்க வசதியாகப் பக்கத்துக் குழாயைப் பிடித்தார். உடனே கையை எடுத்தார். மறுபடி தொட்டார். கண்கள் விரிந்தன.

"மா எஷேச்சேன்!" என்று கத்தினார். அம்பாள் வந்திருக்கிறாள்!

அம்மாவும் தொட்டாள். விரல் நுனியில் விர்ரென்று ஒரு நடுக்கம். அம்மா தெருமுனைப் பந்தல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொலுவைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கிளப் பெண்கள் வந்தார்கள். அடுத்த நாள் அவர்களுடைய நாத்தனார்கள். பெஹாலாவிலிருந்து யாரோ பஸ் பிடித்து வந்தார்கள். மாடிப்படியில் வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. "செருப்பைக் கீழேயே விட்டுட்டு வாங்கோ" என்று ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். (வெறுங்காலோடு வந்தால்தான் அருள் அதிகமாகக் கிடைத்தது. அதன் காரணம் பிறகுதான் எனக்குப் புரிந்தது.) அம்மா சுண்டலை அண்டாவில் செய்தாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. வங்காளிப் பெண்கள் ஐம்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து அவள் பாடியதை அன்றுதான் நான் முதலில் கேட்டேன்.

எனக்கோ ஆராய்ச்சி தாங்கவில்லை. அம்பாளே ஆனாலும் அது எப்படி விர்ரென்கிறது? செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டேன். ஒன்றுமில்லை. வெறுங்காலோடு, விர்ர். புறங்கையால் தொட்டால் இன்னும் விர்ர். கடைசியில் மேஜை டிராயரிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்து, கூட்டம் இருக்கும்போதே குழாயில் வைத்தேன். உள்ளே இருக்கிற குட்டி பல்பு செக்கச்செவேலென்று எரிந்தது.

"ஆலோ! ஆலோ!" என்று காகிமா கைகூப்பினார். வெளிச்சம், வெளிச்சம்! பின்னால் இருந்தவர்கள் சங்கு ஊதினார்கள், குலவை இட்டார்கள். நான் டெஸ்டரோடு பூசாரி மாதிரி நின்றேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. அடாப்டரிலிருந்து எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். பச்சை ஒயர் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்ச் சேரும். நான்தான் அதன் வழியை வெட்டிவிட்டேனே. அதனால் ஸ்டீலிலேயே நின்றுகொண்டு, யார் தொட்டாலும் அவர்கள் வழியாகப் போகிறது. அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "பார்த்தியாடா? இத்தனை வருஷம் கழிச்சு அவ நம்ம வீடு தேடி வந்திருக்கா" என்றாள் அம்மா. வாயை மூடிக்கொண்டேன். இந்த அளவு கசிவு ஆளைக் கொல்லாது என்று சமாதானம் செய்துகொண்டேன். விஜயதசமி வரை அம்பாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

சப்தமி சாயங்காலம். கீழே மேடையில் புபாய் நான் வருவதற்குள் முதல் பாட்டை ஆரம்பித்துவிட்டான். நான் கிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினவன், கடைசியாக ஒருமுறை அந்தப் படியின் அடியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வேஷ்டியைத் தூக்கி, தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்தேன். சுற்றிலும் பெண்கள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் ஓட்டை போட்ட இடத்தில் ஸ்டீலின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அங்கே ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஏழு படிப் பாரமும் ஒயரை அழுத்த, விளிம்பு மேலுறையை அறுத்து, சிவப்பு ஒயரின் உறையையும் பாதி அறுத்திருந்தது. உள்ளே தாமிரம் மின்னியது. இன்னும் ஒரு நூல் அசைந்தால் இத்தனை நாள் வந்த விர்ர் எல்லாம் விளையாட்டாகிவிடும். முழு இருநூற்று முப்பதும் குழாயில் வந்து நிற்கும்.

அப்போது அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. கலசத்துக்குப் போட மல்லிகைச் சரத்தோடு வந்தாள். கையலம்பிவிட்டு வந்திருக்கிறாள், விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. எட்டிப் போடுவதற்காக ஒரு கையால் குழாயைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதே!" என்று அலறினேன். எழுந்த வேகத்தில் கிதாரின் கழுத்து தசாவதார செட்டில் வாமனரைத் தட்டிவிட்டது. "யாரும் தொடாதீங்க!"

பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது கொலுவுக்குப் பின்னால். சுவிட்சோ அதே ஸ்டீலில். நாலு நாலு படியாகக் கீழே ஓடினேன். மாடிப்படிக்கு அடியில் பழைய காலத்து மெயின் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எது எங்களுடையது என்று யோசிக்க நேரமில்லை. எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன்.

மாடி இருண்டது. கீழ்வீடு இருண்டது. தெருவில் புபாய் பாட்டின் உச்சத்தில் இருந்தான். அந்த உச்சம் பாதியில் நின்றது. மேடை, விளக்கு, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் செத்தன. டிரம் மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்சநேரம் அடித்துக்கொண்டிருந்தது. "லோட்ஷெடிங்!" என்று மொத்தத் தெருவும் கூவியது. கல்கத்தாவில் கரண்ட் போனால் பிறந்த குழந்தைகூட அதைத்தான் சொல்லும்.

நான் மாடிக்கு வந்தபோது எல்லோரும் மொபைல் வெளிச்சத்தில் நின்றார்கள். புபாயும் கிளப் ஆட்களும் பின்னாலேயே ஏறி வந்தார்கள். "தேவி ஏன் போய்விட்டாள்?" என்று காகிமா என்னைக் கேட்டார்.

"அது அம்பாள் இல்லை காகிமா," என்றேன். "நான்தான்."

பச்சை ஒயர், அடாப்டர், ஓட்டை எல்லாவற்றையும் என் வங்காளத்தில் சொல்லி முடித்தேன். அம்மாவின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு நவராத்திரியை நான் பிடுங்கிவிட்டேன். வெட்கத்தைவிட அதுதான் வலித்தது.

அம்மா கீழே குனிந்து உடைந்த வாமனரை எடுத்தாள். ஒரு கால் போயிருந்தது. மெதுவாகக் கேட்டாள்: "நான் இப்போ பிடிச்சிருந்தா?"

"இன்னிக்கே ஏதாவது ஆகியிருக்கும்னு சொல்லமுடியாது. ஆனா…" டார்ச்சை அந்தச் சிவப்பு ஒயர் மேல் அடித்துக் காட்டினேன்.

அம்மா காகிமா பக்கம் திரும்பினாள். அவளுடைய உடைந்த வங்காளத்தில் சொன்னாள்: "தீதி, இவன் சொல்றதை நம்பாதீங்கோ. அவ வரலைன்னா, இவனுக்கு இன்னிக்குப் பார்த்து அடியில படுக்கணும்னு எப்படித் தோணித்து?" காகிமா குலவையிட்டார். புபாய்கூடக் கைகூப்பினான். பிறகு என் சட்டையைப் பிடித்தான்.

அன்றிலிருந்து தெருவில் என் பெயர் லோட்ஷெடிங். அலிப்பூரில் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்த வீட்டு வேலைக்காரர் எங்கள் தெருக்காரராகப் போய், "ஓ, லோட்ஷெடிங்-தா!" என்று அண்ணன் முறை சேர்த்து வரவேற்றார். (அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. இரவில் விளக்கை நான் அணைத்தால் சங்கு ஊதுகிறாள்.)

பலகையை ஒழுங்காகச் செய்தேன். பச்சை ஒயரை ஸ்டீலோடு போல்ட் போட்டு முடுக்கினேன். ஓட்டைக்கு ரப்பர் வளையம், ஒயர் இழுபடாமலிருக்க கிளாம்ப், ஒரு ஃபியூஸ். ஆம்ப்ளிஃபயரையும் பலகையையும் ஒரே இடத்தில் சொருகினதும் அந்த ரீங்காரம் தானாகவே போய்விட்டது. எதையும் வெட்டியிருக்கவே வேண்டாம். மாடியில் சுவர் சாக்கெட்டைத் திறந்து பார்த்தால், கீழ்வீட்டில் இருந்த எர்த் இங்கே வரவே இல்லை, அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்து, மாடிக்கென்றே காகிமாவின் முற்றத்தில், அவருடைய துளசிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கினோம். அந்த மண் காயாமல் இருக்கவேண்டும், அவ்வப்போது தண்ணீர் விடவேண்டும்.

ஒவ்வொரு நவராத்திரியும் காகிமா மாடி ஏறி வருகிறார், கிளப் பெண்களும் கூடவே வருகிறார்கள். அம்மா பாடுகிறாள். ஒற்றைக்கால் வாமனர் தன் இடத்தில் நிற்கிறார். காகிமா மட்டும் ஒரு விரலால் பக்கத்துக் குழாயைத் தொட்டு, கொஞ்சநேரம் காத்திருந்து, ஏமாந்த முகத்தோடு கேட்பார்: "எபார் மா ஆஷேன் நி?" இந்த வருஷம் அம்பாள் வரவில்லையா?

"வந்துட்டா தீதி," என்பாள் அம்மா. "இவன் போட்ட ஒயர் வழியா உங்க முற்றத்துக்கு இறங்கிட்டா. சாயங்காலம் மறக்காம தண்ணி ஊத்துங்கோ."

காகிமா தவறாமல் ஊற்றுகிறார். எங்கள் வீட்டு எர்த் மாதிரி நல்ல எர்த் டாக்குரியாவிலேயே கிடையாது.