அம்சவள்ளி வாங்கிய மூன்றாவது கீபோர்டு

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. லைன்ல இருக்கிறவரு, நீ என்ன கல்குவாரியில ஒக்காந்து பேசுறியான்னு கேக்கிறாரு."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அறிவழகன் இதைச் சொன்னபோது, அம்சவள்ளி ஒரு பட்டா மனுவின் நடுவில் இருந்தாள். வாக்கியத்தைப் பாதியில் விடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"குவாரி இல்ல, ஆபீசுன்னு சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"சொல்லிட்டேன்க்கா. நம்ப மாட்டேங்கிறாரு."

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், சிமெண்ட் கடைக்கு மேலே இருந்தது அந்த மாடி ஹால். சொந்தக்காரர் அமிர்தலிங்கம் கீழே குடியிருந்துகொண்டு, மேலே உள்ளதை மேசைக் கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார். ஜன்னலோர மேசையில், கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் அறிவழகன். அவன் பிழைப்பு பாதி போனில். நடு மேசையில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜெயசித்ரா. அவளிடம் பணம் கட்ட வருகிறவர்கள் உட்காரச் சுவரோரம் ஒரு பெஞ்சு. கடைசி மேசை, அறிவழகன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே, ஜாப் டைப்பிங் அம்சவள்ளியுடையது.

அம்சவள்ளிக்குப் பெருமை கொஞ்சம் கூடத்தான். அதற்காக அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பெருமைப்பட அவளிடம் சரக்கு இருந்தது. டைப்ரைட்டிங் பரீட்சையில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. பெரம்பலூரில் அவள் படித்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரே அறையில் அத்தனை டைப்ரைட்டரும் ஒன்றாக ஓடும். ஓட்டுக் கூரையே அதிரும். "கண்ணு காகிதத்துல, விரல் கீயில, வார்த்தை நாக்குல" என்று மாஸ்டர் தட்டித் தட்டிப் பழக்கிய கை. அவள் அடித்த காகிதத்தில் ஒரு பிழையை இதுவரை எந்த வக்கீலும் காட்டியதில்லை.

அதைவிடப் பெரிய பெருமை இன்னொன்று. உயில், பாகப் பிரிவினை, மொட்டை மனு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பயோடேட்டா, எது வந்தாலும் அவளோடு சரி. "காயிதத்துல ஏறுறது என் வாயில ஏறாதுங்க" என்று வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டில் கணவர் பூவரசன், இன்றைக்கு யார் வீட்டுச் சண்டை வந்தது என்று ஆசையாகக் கேட்டால், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா என்று கேட்பாள். அவ்வளவுதான் அவரால் அவளிடமிருந்து கறக்க முடிந்தது.

குறை என்று சொன்னால், சாயங்காலம் ஆனால் தொண்டை கட்டிக்கொள்ளும். தெருவில் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி என்று அவள் லாரிக்காரர்களைத் திட்டுவாள். கீழே டீக்கடை வைத்திருக்கும் கலியம்மாள் நாலு மணிக்கு டீத் தூக்கோடு மாடிக்கு வரும்போது, அவளுக்கு மட்டும் தனியாகச் சுக்குக் காபி கொண்டுவருவாள்.

குவாரிப் பேச்சு அமிர்தலிங்கம் காதுக்குப் போனது. அவர் மேலே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்சவள்ளி ஒரு பக்கம் அடித்து முடிக்கும் வரை கேட்டார். பிறகு, சத்தமில்லாத கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மேசையைப் படிக்கட்டுக்குக் கீழே போட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினார்.

படிக்கட்டுக்குக் கீழே மோட்டாரும் பழைய டயரும் கிடந்தன. அம்சவள்ளி அன்றைக்கே பக்கத்துக் கடையில் தட்டையாக, ரப்பர் வைத்த கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தாள். சத்தம் பாதியாகக் குறைந்தது.

அந்த வாரம் திருமானூரிலிருந்து ராசாங்கம் என்ற பெரியவர் வந்தார். தன்னைப் பார்த்துக்கொள்கிற சின்ன மகளுக்கு வீட்டை எழுதிவைக்க ஒரு உயில். மகன்களுக்கு மூச்சு விடக் கூடாது. அம்சவள்ளி வழக்கமான வாக்கைக் கொடுத்தாள். அவள் அடித்து முடிப்பதற்குள் அவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். படியேறி உள்ளே நுழைந்தவரை ஜெயசித்ரா எழுந்து நின்று வரவேற்றாள்.

"வாங்க மாமா. சின்னப் பொண்ணுக்கே வூட்டை எழுதுறீங்க பாருங்க, அதுதான் மனசு. அப்படியே அது பேர்ல ஒரு பாலிசியும் போட்டுட்டா..."

ராசாங்கம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவரைச் சமாதானம் செய்து பஸ் ஏற்றிவிட்டு வந்து, அம்சவள்ளி இடுப்பில் கை வைத்தாள்.

"ஒனக்கு யாரு ஜெயா சொன்னது?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே சொன்னீங்க."

"நானு?"

"ஆமாக்கா."

முகத்துக்கு நேராக இப்படி ஒரு பொய்யை அம்சவள்ளி அதுவரை கேட்டதில்லை. திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பழியை நம் மேலேயே போடுகிறாள் பார் என்று உள்ளுக்குள் கொதித்தாள். ஜெயசித்ராவோடு பேச்சை நிறுத்தினாள். மேசையைத் திருப்பி, மானிட்டரின் முதுகு ஹாலைப் பார்க்கும்படி போட்டாள். இனிமேல் எட்டிப் பார்க்க வேண்டுமானால் சுவரில் ஓட்டைதான் போட வேண்டும்.

இதற்கிடையில் ரப்பர் கீபோர்டு அவளுடைய அடி தாங்காமல் படுத்துவிட்டது. டைப்ரைட்டரில் பழகிய விரல். ஸ்பேஸ் பார் ஒரு பக்கமாகக் காலைத் தூக்கிக்கொண்டது. அறிவழகனும், குவாரி போய் இப்போது யாரோ உரலில் இடிக்கிற மாதிரி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அம்சவள்ளி பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இளவரசன், மெக்கானிக்கல் கீபோர்டுகளை வரிசையாக எடுத்து வைத்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங் சுவிட்ச், எவ்வளவு அடித்தாலும் தாங்கும் என்றான். நீல சுவிட்ச் டக் டக் என்று பேசும், சிவப்பு பேசாது. ஆனால் அடிமட்டத்தில் போய் முட்டினால் லேசாகச் சத்தம் வரும். அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் தன் பேரையும் ஊர்ப் பேரையும் அடித்துப் பார்த்தாள். கடையில் நின்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவள் விரல்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, என்ன வேகம் இது. கேம் ஆடுவீங்களா?"

"நான் வெளையாடுறதில்ல தம்பி. ஹையர்."

சிவப்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

சிவப்பு கீபோர்டு நன்றாகவே இருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் அது இருப்பதே தெரியவில்லை. மறுநாள் விக்கிரமங்கலத்துக்காரர் அய்யாக்கண்ணு, பெயர் போடாமல் ஒரு மொட்டை மனு அடிக்க வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாய்க்காலை மறித்துத் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறார் என்பது விஷயம். அம்சவள்ளி அடித்துக்கொண்டிருக்கும்போதே, பெஞ்சில் பாலிசிப் பணம் கட்டக் காத்திருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். வாய்க்காலை மறித்ததாகச் சொல்லப்பட்டவருக்கு அவர் மச்சினன்.

இரண்டு பேரையும் பிரித்துவிட அறிவழகன் நாற்காலி மேல் ஏற வேண்டியிருந்தது.

அய்யாக்கண்ணு போகும்போது சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே சொன்னார்: "பேரு போடாத மனுதாம்மா கேட்டேன். இப்ப ஊருக்கே தெரிஞ்சது என் பேரு ஒண்ணுதான்."

அம்சவள்ளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. திரை யாருக்கும் தெரியாது. காகிதம் அவள் மடியில். பிறகு எப்படி? கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினாள். மானிட்டரின் மேலிருந்த கேமராக் கண்ணில் தன் நெற்றிப் பொட்டையே எடுத்து ஒட்டினாள். அப்போதுதான் அறிவழகன் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது: கீபோர்டு சத்தத்தை வைத்தே எந்த எழுத்தை அடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுகிறார்களாம்.

அதுதானா விஷயம். சத்தம்தான் காட்டிக்கொடுக்கிறது.

மறுபடி பெரம்பலூர். இந்த முறை அவள் விலையே கேட்கவில்லை. சுவிட்சுக்கு உள்ளேயே ரப்பர் வைத்த சைலண்ட் சுவிட்ச், அடியில் ஸ்பாஞ்சு, அதற்குக் கீழே கம்பளி விரிப்பு. இளவரசன் அடித்துக் காட்டினான். காதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை.

"இதுக்கு மேல சத்தம் கொறையணும்னா ஆன்ட்டி, அடிக்காமதான் இருக்கணும்."

ஹாலில் அந்தக் கீபோர்டு வந்த அன்று அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. அறிவழகன் கையெடுத்துக் கும்பிட்டான். ஜெயசித்ராகூட, பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், நன்றாக இருக்கிறது என்று ஜாடை காட்டினாள். அமிர்தலிங்கம் மேலே வந்து பார்த்து, அசந்துபோய், அம்சவள்ளி மாதிரி ஒரு பொறுப்பான ஆள் கிடையாது என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

அந்த மகிழ்ச்சியிலேயே அவர் ஒரு வேலையும் கொடுத்தார். நகைக்கடன் கம்பெனி ஒன்றுக்கு ஒரு கடிதம். மாடி ஹாலை முழுசாக உங்களுக்கே விடச் சம்மதம், இப்போது இருப்பவர்களைத் தை மாதத்துக்குள் காலி செய்ய வைக்கிறேன். அம்சவள்ளிக்கு மட்டும் கீழே ஒரு அறை தருவதாகக் காதோடு சொன்னார். "ஒனக்கும் எனக்கும் மட்டும்தாம்மா தெரியும்" என்றார்.

கூட வேலை செய்கிறவர்களை நினைத்து அவளுக்கு மனம் கஷ்டப்பட்டது. ஆனாலும் வாக்கு வாக்குதான். அவள் அடித்தாள். பிழையில்லாமல் அடித்தாள்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழே போனால், அவளுக்கு முன்னாலேயே அறிவழகனும் ஜெயசித்ராவும் அமிர்தலிங்கத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தை மாசம்னா தை ஒண்ணாந்தேதியா, கடைசித் தேதியா அய்யா?" என்று அறிவழகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அமிர்தலிங்கம் அம்சவள்ளியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுடைய இத்தனை வருஷப் பெயரும் தரையில் விழுந்தது.

"ஒன்ன நம்பினேன் பாரு. நாளைலேருந்து நீ இங்க மேசை போட வேண்டாம்."

"கல்லங்குறிச்சி பெருமாள் சத்தியமா நான் வாயத் தொறக்கலங்க."

ஜெயசித்ரா அறிவழகனைப் பார்த்தாள். அறிவழகன் கூரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, பெரியவர்கள் சத்தியம் செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டான்.

மேசை போனால் போகட்டும், பெயர் போகக் கூடாது. அம்சவள்ளி எல்லாரையும் மாடிக்கு வரச் சொன்னாள். அங்கேயே, அப்போதே, சோதனை வைத்துவிடலாம் என்றாள். அமிர்தலிங்கம் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதை அவள் அடிப்பாள். மற்ற இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடித்து முடித்தபின் அவர்களுக்கு ஒரு எழுத்தாவது தெரிந்திருந்தால், அவளே மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அமிர்தலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, எதையோ எழுதி, நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். மின்விசிறியைக்கூட நிறுத்தச் சொன்னாள். கண்ணைக் காகிதத்தில் வைத்தாள். அப்புறம் அவளுக்கு ஹாலும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. பத்து விரலும் மாஸ்டரின் முன்னால் ஓடிய மாதிரியே ஓடின. கீபோர்டு ஒரு முனகல்கூட முனகவில்லை. இந்த ஜில்லாவில் இப்படி ஒரு அடி அடிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. முற்றுப்புள்ளி வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ம், இப்பச் சொல்லுங்க. யாருக்காவது ஒரு எழுத்து தெரியுமா? வேணும்னா எடுத்துப் பாருங்க. பிழைகூட ஒண்ணு இருக்காது."

ஜன்னல் பக்கம் ஜெயசித்ராவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அறிவழகன் நெற்றியைக் கம்பியில் முட்டுக்கொடுத்து நின்றான். அமிர்தலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நாலு மணி டீத் தூக்கோடு வாசற்படியில் வந்து நின்றிருந்த கலியம்மாள், சுக்குக் காபியை எடுத்து அம்சவள்ளியின் மேசையில் வைத்தாள்.

"பிழை ஒண்ணு இருக்குக்கா. சக்கரை வியாதிய வச்சுக்கிட்டு அய்யா என் கடையில வூட்டுக்குத் தெரியாம தெனம் திங்கிறது ரெண்டு சுசியம் இல்ல, மூணு. எப்பவும் போல வாய்விட்டு வாசிச்சுக்கிட்டே அடிக்கிறப்ப, அத மட்டும் திருத்தி வாசிச்சுடுங்க."