சனிக்கிழமை மட்டும் செத்துப்போகும் பெட்டரி

ஒரு மனிதனுக்கு வாரத்தில் சனிக்கிழமை ஒன்றாவது சொந்தமாக இருக்க வேண்டும். பறிபோன அந்த உரிமையை மீட்டே தீருவது என்று போன ஆவணியில் நான் சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். லோஜினி பக்கத்து அறையில் இருந்தாள்.

லோஜினி என் மனைவி. கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இன்குபேட்டர் வைத்துக் கோழிக்குஞ்சு பொரிக்கிறாள். குஞ்சுகள் திகனயில் பண்ணை வைத்திருக்கும் ருக்கியாக்காவுக்குப் போகும். முட்டைக்குச் சூடு குறையவே கூடாது. எங்கள் பக்கம் வானம் இருட்டினாலே கரண்டு போய்விடும். அதற்காக வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் நாலு பெரிய பெட்டரிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். பெட்டரி இறங்கினால் ஜெனரேட்டர். அதைக் கயிறு இழுத்து ஓடவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

"எனக்குக் கயிறு இழுக்க ஏலாது" என்று லோஜினி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் மரண வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டரி இறங்கி, ஒரு பெட்டி முட்டையும் குளிர்ந்து போயிருந்தது. லோஜினி ஒவ்வொரு முட்டையாகக் கையில் எடுத்துப் பார்த்து அழுதாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் வீட்டுக்காவல். கீழ்த்தெரு வீரையா வீட்டில் கேரம் பலகையில் பவுடர் தூவும் நேரத்தில், நான் பெட்டரி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் யூடியூபில் மைக்ரோகன்ட்ரோலரைக் கண்டேன். நெருப்புப்பெட்டி அளவு பலகை. அதற்குள் ஒரு மூளை. பெட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதுவே பார்க்கும். ரொம்ப இறங்கினால் அதுவே ஜெனரேட்டரை ஓடவைத்து பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். ஏறி முடிந்ததும் அதுவே நிறுத்தும். நடந்ததையெல்லாம் என் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அக்குறணையில் எலக்ட்ரோனிக்ஸ் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் நானா சாமான் தந்தார். எங்கள் கயிற்று ஜெனரேட்டருக்கு, கயிறு இழுக்காமலே ஓடத் தொடங்க, ஒரு செல்ஃப் மோட்டரும் பொருத்திக் கொடுத்தார். மாநகர சபையில் பகலெல்லாம் கோப்பு தள்ளிவிட்டு, மாலையெல்லாம் நான் வயர் சீவினேன்.

வேலை முடிந்ததும் லோஜினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது என்னங்க?"

"இனிமே நான் செய்யுற வேலைய இது செய்யும்."

"பரவால்லையே. சாப்பாடு கேக்காதில்ல?"

"கேக்காது."

"எதுத்துப் பேசாதில்ல?"

"பேசாது."

"அப்ப ரெண்டா செஞ்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, எனக்கு விடுதலை. முதல் சனிக்கிழமை வீரையா வீட்டில் நான் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனே தவிர, நிம்மதியாக ஒரு காய் அடிக்க முடியவில்லை. அடிக்குமுன் போனைப் பார்ப்பேன். அடித்த பின் போனைப் பார்ப்பேன். மெசேஜ் வந்தால் பயம். வராவிட்டால், மெசேஜ் அனுப்பும் பகுதியே செத்துவிட்டதோ என்று அதைவிடப் பயம்.

"ஒங்க கலியாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு தவிக்கல" என்றார் வீரையா.

ஆயுத பூசை அன்று வேலை விட்டு வரும் வழியில் வீரையா வீட்டுக் கடலைக்கு உட்கார்ந்தேன். போன் கத்தியது. "ஆபத்து. பெட்டரி பூஜ்ஜியம். ஜெனரேட்டர் ஓடாது." கடலையைக் கொட்டிவிட்டு ஓடினேன். எங்கள் படிக்கட்டு அன்றைக்கென்று நீண்டுவிட்டது. மூச்சிரைக்கக் கொட்டிலுக்குள் நுழைந்தால், நாலு பெட்டரியும் குளித்து முழுகி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு உட்கார்ந்திருந்தன. ஜெனரேட்டர் நெற்றியில் பட்டை. லோஜினி சூடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டரி செத்துடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? நல்லாத்தானே இருக்கு."

பார்த்தேன். பெட்டரித் தலையில் என் பலகையின் சின்னச் சிவப்புக் கிளிப் கடிக்க வேண்டிய இடத்தில் விரல் கனத்துக்குச் சந்தனம். கிளிப் சந்தனத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. துடைத்து மாட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது.

"இந்தக் கிளிப்பு தொடலன்னா என்னங்க ஆகும்?" என்று கேட்டாள் லோஜினி.

என் இயந்திரத்தைப் பற்றி அவள் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சூடம் அணையும்வரை விளக்கினேன். கிளிப் கழன்றால் பெட்டரி பூஜ்ஜியம் என்று இயந்திரம் நினைக்கும். எங்கேயோ வயர் அறுந்து தீப்பொறி பறக்கிறது என்று பயந்து ஜெனரேட்டரைத் தானாக ஓடவைக்காது; கயிறுதான் இழுக்க வேண்டும். உடனே எனக்குச் சொல்லும்.

"நீங்க எங்க இருந்தாலும் சொல்லுமா?"

"எங்க இருந்தாலும்."

"திரும்ப மாட்டினா?"

"ஒண்ணும் நடக்காத மாதிரி ஆயிடும்."

"பெரிய மூளைதான் ஒங்களுக்கு" என்றாள். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை, கேரத்தில் நான் வெல்லும் நேரம் பார்த்து போன் கத்தியது. ஆபத்து. பூஜ்ஜியம். ஓடினேன். கிளிப் தன் இடத்தில் இருந்தது. பெட்டரி நிறைந்திருந்தது.

"வந்ததுதான் வந்தீங்க, இந்தத் தேங்காயத் துருவிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் லோஜினி.

அதற்கடுத்த சனிக்கிழமையும் பூஜ்ஜியம். ஓடினேன். வந்ததுதான் வந்தேன், கேஸ் சிலிண்டர் மாற்றினேன். பிறகு ஒருநாள் கூரைத் தண்ணீர்ப் பீலியில் அடைப்பு எடுத்தேன். பிறகு ஒருநாள் அவளுடைய சித்தி குடும்பம் வந்திருந்தது. வந்ததுதான் வந்தேன், உட்கார்ந்து அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டேன்.

என் தூக்கம் போயிற்று. வயரை மாற்றினேன். கிளிப்பை மாற்றினேன். ப்ரோக்ராமை வரிவரியாகப் படித்தேன். கண்டி ஈரம் உள்ளே இறங்கிவிட்டதோ என்று பலகையை வெயிலில் காய வைத்தேன். ஒருநாள் உண்மையிலேயே பழுதாகி, முட்டையெல்லாம் குளிர்ந்து, லோஜினி மறுபடி அப்படி உட்கார்ந்து அழுதால் நான் என்ன செய்வேன்? கடைசியில் பலகை இருந்த பெட்டியைக் கிளிப்போடு கழற்றி அக்குறணைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அஸ்ஃபர் நானா மீட்டரை வைத்துச் சோதித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மெஷினுக்கு ஒண்டும் இல்ல. இது எப்பெப்ப இப்பிடிச் செய்யுது?"

"சனிக்கெழம சனிக்கெழம."

"நீங்க ஒபிஸ்ல ஈக்கக்குள்ள செய்யுதா?"

"ஒரு தடவகூட இல்ல நானா."

அவர் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்தார். பல்லிடுக்கில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. "ஊட்டுல ஒங்கட அவங்க சொகமா ஈக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடித் தந்தார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. கோபம் வந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி வந்தது. லோஜினியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைப் பேசாமல் பழைய இடத்தில் மாட்டிவிட்டு, சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. காலையிலேயே ஒரு தடவை கரண்டு போய் வந்து, பெட்டரி அரைகுறையாக இருந்தது. இருக்கட்டும், இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று போனேன். கேரம் சூடு பிடித்தது. போன் கத்தியது. ஆபத்து. பூஜ்ஜியம்.

"ஓடலையா?" என்றார் வீரையா.

"ஒரு மனுசன் எத்தன தடவதான் தேங்கா துருவுறது? நீங்க அடிங்க."

போனைக் கவிழ்த்து வைத்தேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய வீரச்செயல் அதுதான். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. வீரையா வீட்டு விளக்கு அணைந்தது.

"கரண்டு போயிடுச்சு" என்றார் வீரையா.

"போகட்டும்" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது. அவள் கிளிப்பைத் திரும்ப மாட்டியிருப்பாளா? நான் போனால்தானே மாட்டுவாள். மாட்டாவிட்டால் ஜெனரேட்டர் ஓடாது. பெட்டரியோ அரைகுறை. இல்லை, ஒருவேளை அவள் கழற்றவே இல்லையென்றால்? வீம்புக்கு இன்னும் ஓர் ஆட்டம் உட்கார்ந்தேன். கை சிவப்புக் காயில் இருந்தது. மனசு முட்டையில் இருந்தது. குறி தவறி, ஸ்ட்ரைக்கர் வீரையா மடியில் போய் விழுந்தது. குடையை மறந்து ஓடினேன்.

பாதிப் படியிலேயே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. கொட்டில் கூரையில் பெரிய குரங்கு ஒன்று குந்தியிருந்தது. அதன் கையில் சிவப்புக் கிளிப்போடு என் வயர். உள்ளே லோஜினி தலையெல்லாம் நனைந்து நின்றாள். கையில் ஜெனரேட்டர் கயிறு.

"முட்டை?"

"சூடு கொறையல."

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்த பிறகுதான் வழக்குப் பேச வாய் வந்தது.

"ஒனக்குத்தான் கயிறு இழுக்க ஏலாதே?"

"நீங்க இருந்தா ஏலாது."

"இவ்வளவு நாளும் மெசேஜ் வந்ததெல்லாம்?"

"நாந்தான். இன்னைக்கு மட்டும் அது" என்று கூரையைக் காட்டினாள். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"நாளைக்கே பெட்டிக்குப் பூட்டுப் போடுறேன்."

"போடுங்க. வயரு வெளியதானே வருது."

"அப்ப இனிமே மெசேஜ் வந்தா, கழட்டுனது நீயா கொரங்கான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

லோஜினி கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

"வீட்டுக்கு வந்து பாத்தா தெரியுது" என்றாள்.