குண்டசாலை வேலைநிறுத்தத்தின் கருங்காலி

குண்டசாலை மென்பொருள் கம்பனி எனக்குச் செய்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்கிறேன்.

முதலில் நேர்முகம். பிறகு, அந்த நேர்முகத்தைச் சரிபார்க்க இன்னொரு நேர்முகம். பிறகு, வீட்டிலிருந்து செய்து அனுப்பும் பரீட்சை. கடைசியாக, ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்து காட்ட வேண்டுமாம்.

தலை நரைக்கும்வரை மென்பொருள் எழுதியவன் நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகியவன். ஆனாலும் போனேன். பழைய கம்பனி மூடியதிலிருந்து மனைவியின் சம்பளத்தில்தான் சாப்பாடு.

என்னோடு இன்னும் இரண்டு பேர். கண்டிக்காரி பர்சானா, யாழ்ப்பாணத்துக் குகனேசன். அனுபவத்தில் யாரும் சளைத்தவர்கள் இல்லை. ஒரு ஹோட்டலின் முன்பதிவு மென்பொருளைத் தந்திருந்தார்கள். ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுக்கும் பிழையைத் திருத்த வேண்டும்.

பர்சானாதான் கண்டுபிடித்தாள். "இது டெஸ்ட் இல்ல அண்ணா. இவங்கட கஸ்டமர்ட உண்மையான பிரச்சின."

உடனே வேலைநிறுத்தம் அறிவித்தேன். சம்பளம் பேசும்வரை ஒரு எழுத்தும் தொடக்கூடாது, தொடுகிறவன் கருங்காலி என்றேன்.

"ராஜலிங்கம் அண்ணை, எனக்கு இந்த வேலை கட்டாயம் வேணும்" என்றான் குகனேசன். கைக்குழந்தைக்காரன். கோழைகளை வரலாறு மன்னிக்காது என்று அவனுக்கு விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டான்.

இருவரும் பிளேன்டீ குடிக்கப் போனார்கள். போராட்டத்தைக் காவல் காக்க நான் கதிரையில் இருந்தேன்.

திரையில் அந்தப் பிழை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி. எவனோ நிபந்தனையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான். மானமுள்ள எவனும் அதை அப்படியே விட்டுவிட்டு இருக்க முடியாது. திருத்தினேன். ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. பழக்கதோஷத்தில் ஹோட்டலுக்கு அனுப்பியும் விட்டேன்.

பிளேன்டீ முடிந்ததும் மூவருமாக மனேஜரைச் சந்தித்தோம். முதலாளித்துவம் எப்படி வீழும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் இறங்கி வந்தார். மூன்று பேருக்கும் சம்பளம் போடலாம், பிழையை மட்டும் இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சும் நேரத்தில் ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது.

பேசி முடித்துவிட்டுச் சிரித்தார். "சரியாகிருச்சாம். இனி சம்பளப் பேச்சு எதுக்கு?"

பர்சானா குகனேசனைப் பார்த்தாள். அவன் முகம் கறுத்துப்போனது.

"நான் தொடேல்லை. திருத்தின ஆளின்ர பேர் கொம்பியூட்டரிலையே பதிஞ்சிருக்கும். வாசியுங்கோ."

தனிநபர்கள் முக்கியமில்லை, கொள்கைதான் முக்கியம் என்றேன்.

மனேஜர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, மூன்று பேருக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசித்தார்.

"பெரியசாமி ராஜலிங்கம்."