தீவனக்காரர் தின்ற மீன்

இனி என் வாயில் மீன் நுழையாது என்று நான் சபதம் எடுத்தபோது, என் வாயில் மீன் இருந்தது. அதை விழுங்கிவிட்டுத்தான் சபதத்தை முடிக்க முடிந்தது. மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

என் தொழில் மீன் தீவனம் தயாரிப்பது. ஊருக்கு வெளியே உள்ள மீன் பண்ணையில் தீவனக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. நாள் முழுக்க மீன் தூள் மூட்டைகளுக்கு நடுவே நிற்பேன். குளித்தாலும் வாடை போகாது. தெருப் பூனைகள் என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்பிப் போகும். இப்படிப்பட்டவனுக்கு வீட்டிலும் மீன் என்றால்? செருப்புக் கடைக்காரருக்கு வீட்டிலும் செருப்பு விழுந்தால் எப்படி இருக்கும்?

எல்லாம் டாக்டரால் வந்த வினை. என் ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டதாம். "வாரம் ரெண்டு தடவை மீன் சாப்பிடணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். என் மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருபவள். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் அவள் பிரேக் போடுவாள்.

சபதத்தைக் காப்பாற்ற ஒரு வழி வேண்டும். கிடைத்தது. என் வேலையிலேயே கிடைத்தது.

வழக்கமான தீவனத்தில் கடலில் பிடித்த பொடி மீன்களை உலர்த்தி அரைத்துச் சேர்ப்போம். பண்ணை மீன் கொழுக்க, கடல் காலியாகும். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் சோயா, பட்டாணி, மக்காச்சோளம் சேர்த்துப் புதிதாக ஒரு தீவனம் செய்தேன். முதலில் மீன்கள் மோந்து பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. கொஞ்சம் பூண்டுத் தூள் கலந்ததும் வாயைப் பிளந்துகொண்டு வந்தன. மீனின் நல்ல கொழுப்பு குறையக் கூடாதே என்று நுண்பாசி எண்ணெயும் சேர்த்தேன். கடல் மீனுக்கே அந்தச் சத்து பாசியிலிருந்துதானே வருகிறது! முதலாளியம்மா ஒரு குளத்தை என்னிடம் விட்டார். "இது நல்லா போச்சுன்னா எல்லாக் குளத்துக்கும் மாத்திடலாம்" என்றார். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் நான் அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இதை அப்படியே சொல்ல வேண்டியதில்லை. பாசி எண்ணெயையும், மாறியது ஒரே ஒரு குளம்தான் என்பதையும் விட்டுவிட்டால் போதும். மீனுக்கு வாலையும் பாம்புக்குத் தலையையும் காட்டும் விலாங்கு ஆனேன்.

"உன்கிட்ட ஒரு வருத்தமான விஷயம் சொல்லணும்."

"பூனையை உள்ள விட்டுட்டீங்களா?"

"இல்ல. நம்ம பண்ணை மீன் சைவமாயிடுச்சு."

"ஏன், அதுக்கும் டாக்டர் சொல்லிட்டாரா?"

"சோயாவும் பட்டாணியும்தான் திங்குது. அந்த மீன்ல ஒமேகா மூணு இருக்காது."

"மூணு இல்லைன்னா ஒண்ணு, ரெண்டாவது இருக்குமில்ல?"

"எண்ணிக்கை இல்லம்மா, சத்தோட பேரே அதுதான். இதயத்துக்கு நல்லது. அதுக்காகத்தான் டாக்டர் மீனே சொன்னாரு. அது இல்லாத மீனைத் தின்னா தாடைதான் வலிக்கும்."

"மத்த சத்து? புரதம்?"

"பருப்புல இருக்கு."

"வைட்டமின் டி?"

"தினமும் குளத்தங்கரை வெயில்லயும் நிக்கறேனே."

"அயோடின்?"

"உப்புல போட்டுத்தான் விக்கறாங்க."

"அப்ப கடல் மீனே வாங்கிடறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குரலைத் தழுதழுக்க வைத்தேன். "கடல்ல மீன் குறையுதேன்னு நான் இவ்வளவு பாடுபடறேன். நம்ம வீட்டுலயே வாங்கினா எப்படி?"

அவள் கடைப் பையை மடித்து ஆணியில் மாட்டினாள். "சரிங்க. செஞ்சவரே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?"

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்றதே இல்லை. சத்து இல்லை என்றேன், சத்தமும் இல்லாமல் போனது. அடுத்தடுத்த நாட்களில் தட்டில் கீரை வந்தது, பருப்பு வந்தது, மீன் வரவில்லை. நான் ராஜா மாதிரி சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க. உங்க குளத்து மீன்ல சத்தே இல்லைன்னு ஊரெல்லாம் பேச்சாம்."

உட்காரப் போனவன் நின்றுவிட்டேன். "யாரு சொன்னா?"

"தீவனம் செஞ்சவரே சொன்னாராம்."

"பொய்ங்கம்மா! பாசி எண்ணெய் ஊத்தியிருக்கேன். பழைய மீனுக்கு இது ஒரு இழை குறையலன்னு பரிசோதனைக் கூடத்துல சொல்லிட்டாங்களே! இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது. இதைத் தின்னாதவன் மனுஷனே இல்லைங்கம்மா!"

"எனக்குத் தெரியுது. வாங்கறவங்க நம்பணுமே? நம்பலைன்னா பழைய தீவனத்துக்கே போயிட வேண்டியதுதான்."

"ஐயோ, வேண்டாங்கம்மா!" என்றபோது குரல் தானாகவே தழுதழுத்தது. இந்த முறை நடிப்பில்லை. ஒரு கவளம் மீனுக்குப் பயந்து ஒரு குளத்தையே பலி கொடுத்துவிட்டேனே!

"நான் என்ன செய்யணும்மா?"

"செஞ்சவரே சாப்பிட்டுக் காட்டணும். பண்ணை வாசல் கடையில, வாங்க வர்றவங்க முன்னாடி. வாரம் ரெண்டு தடவை."

எங்கேயோ கேட்ட கணக்காக இருந்தது. பயத்தில் மூளை அதற்கு மேல் போகவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

கடை வாசலில் அடுப்பு வைத்தார்கள். உதவிக்கு என்று என் மனைவியே வந்து கரண்டியைப் பிடித்தாள். கூடை, பைகளோடு பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு முதல் துண்டை வாயில் போட்டேன்.

கண் தானாகத் திறந்தது.

அந்த மூட்டை வாடை இல்லை. மெத்தென்று, இனிப்பாக, சுத்தமான ருசி. என் கையால் கலந்த சோயாவும் பட்டாணியும் நீந்தி, வளர்ந்து, இப்படி வந்திருக்கிறது!

"எப்படி இருக்கு?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இருங்க, இன்னொண்ணு தின்னுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அன்று கொண்டுவந்த மீன் மதியத்துக்குள் தீர்ந்தது. பிறகு பக்கத்துக் குளத்துக்கும் என் தீவனம் போனது. அதற்கடுத்த குளத்துக்கும் போனது. மறுபடி ரத்தம் எடுத்தபோது கொழுப்பு இறங்கியிருந்தது. டாக்டர் என் மனைவியைப் பாராட்டினார்.

நேற்று கூட்டம் கலைந்த பிறகு, சாப்பிட்டபடியே அவளிடம் கேட்டேன்.

"எல்லாம் நல்லா முடிஞ்சுது. ஆனா அந்தப் பேச்சு ஊர்ல எப்படிப் பரவுச்சு? நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? நீ வண்டி கத்துக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டியா?"

"சேச்சே, ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்று அடுத்த துண்டை என் தட்டில் வைத்தாள். "முதலாளியம்மாவுக்கு மட்டும்தான் ஃபோன் பண்ணினேன். முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க."