நடுரோட்டில் உட்கார்ந்த மரத்தடியார்

விருத்தாசலத்தில் வெயிலை அரசாங்க வேலைக்கு அமர்த்திய ஒரே அதிகாரி மரத்தடியார்தான். அது நாங்கள் வைத்த பெயர். நிலத்தை மனைகளாகப் பிரித்து எங்களைப் போன்றவர்கள் வரைந்து தரும் படங்களை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் தருவது அவர் வேலை. உச்சி வெயிலில்தான் வருவார். நாங்கள் எங்கே ஒதுங்குகிறோம் என்று பார்ப்பார். அங்கே படத்தில் இல்லாத மரம் ஒன்று கட்டாயம் மாட்டும்.

படத்தில் ஏன் இல்லை என்றால், நாங்கள் போடமாட்டோம். மரத்தைக் காட்டினால் கேள்வி வரும். குட்டையைக் காட்டினால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். ஆகவே எங்கள் தொழிலில் மரம் முதலில் பேப்பரில்தான் விழும். கோடாரி பிறகு வரும்.

இரண்டாயிரத்துச் சொச்சம். ஊரே மனை போட்டுக்கொண்டிருந்த காலம். கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் ஒரு நிலத்துக்குப் படம் வரைந்தேன். நிலத்தின் நடுவே பெரிய இலுப்பை மரம். பக்கத்தில் பீங்கான் வேலைக்கு எப்போதோ களிமண் வெட்டியதில் உண்டான குட்டை. என் படத்தில் மரம் இருந்த இடம் ரோடு, குட்டை இருந்த இடம் நாலு மனை. குட்டையைத் தூர்க்க, பீங்கான் சூளையில் உடைந்த பொம்மைகளை, மனை போட்டு விற்கும் முதலாளி டிராக்டரில் கொண்டுவந்து கரையில் குவித்திருந்தார். தலையில்லாத கிளிகள், கையில்லாத கிருஷ்ணர்கள். எல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது, தலையில்லாதவை உட்பட.

ஞாயிற்றுக்கிழமை விற்பனைத் தொடக்கம். பந்தல், கொடி, மைக்செட், வேனில் வருகிறவர்களுக்குப் பிரியாணி. வெள்ளிக்கிழமை மரத்தடியார் வருகிறார் என்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மத்தியானம்தான வருவாரு? காலையிலயே மரத்த சாச்சிருங்க. படம் பாஸாவலன்னா நீ வேற பொழப்பப் பாத்துக்க."

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் ராஜினாமா செய்வது வயிறு. மரம் வெட்டுகிறவர்களுக்கு மொபெட்டில் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனவன், வழியெல்லாம் வண்டியை நிறுத்தி வேலிகாத்தான் புதரைத் தேடி ஓடினேன். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், இலுப்பையடியில் துண்டை விரித்து மரத்தடியார் உட்கார்ந்திருக்கிறார்! மடியில் இட்லிப் பொட்டலம்.

"சார்... மத்தியானம்தான வருவீங்க?"

"கொடி கட்டிட்டீங்கல்ல. கொடி கட்டுன எடத்துல மத்தியானம் வரைக்கும் மரம் நிக்குமா? படத்த விரிய்யா. நான் எங்க உக்காந்திருக்கேன், காட்டு."

விரல் படத்தின்மேல் பரதநாட்டியம் ஆடிவிட்டு ஓரிடத்தில் நின்றது. "இங்க சார்."

"அது என்னா?"

"ரோடு சார்."

"அப்ப நான் நடுரோட்டுல உக்காந்து இட்லி துன்னுக்கிட்டிருக்கேனா?"

"ஓரமாத்தான் சார் உக்காந்திருக்கீங்க."

பதற்றத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்யும். மரம் வெட்ட வந்தவர்கள் கோடாரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். "சார், எழுந்து வாங்க, ஏசி ஓட்டல்ல சாப்புடலாம்" என்று குழைந்தார்.

"எனக்கு இங்கியே ஏசிதான். யோவ், பூங்கா எங்க போட்டிருக்க?"

மனை போட்டால் ஊருக்குப் பூங்கா விடவேண்டும் என்பது விதி. அதை வழக்கமான இடத்தில்தான் போட்டிருந்தேன். தண்டவாளத்தை ஒட்டி, ஆடு திரும்பக்கூட இடமில்லாத ஒரு முக்கோண மூலையில்.

"அங்க போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வா."

போனேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நின்ற வேகத்தில் திரும்பி ஓடிவந்து இலுப்பை நிழலில் விழுந்தேன்.

"ஏன்யா ஓடியாந்த?"

"நிக்க முடியல சார்."

முதலாளி பார்த்த பார்வையில் எனக்கு மறுபடி புதர் தேவைப்பட்டது.

"பூங்காவ இங்க கொண்டா. மரமும் குட்டையும் உள்ள வரணும். ரோட்ட வளைச்சி வுடு. இப்பவே மாத்திக் குடுத்தா நாளைக்கே பாஸ் பண்றேன்" என்றார் மரத்தடியார்.

"நாலு மனை போவுதே சார்!" என்று முதலாளி அலறினார்.

"பதிலுக்கு அந்த முக்கோணத்த வித்துக்கங்க."

"அத்த எவன் சார் வாங்குவான்?"

"எவனும் வாங்கமாட்டான்னு தெரியுதுல்ல? அப்ப ஊர் சனம் மட்டும் எப்படிங்க அங்க போயி உக்காரும்?"

முதலாளி பந்தலைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமையை நினைத்தார். "போட்டுத் தொலைய்யா" என்றார்.

அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து, டிரேசிங் பேப்பரில் மையால் போட்டிருந்த ரோட்டைப் பிளேடால் சுரண்டி அழித்தேன். பேனா போன போக்கில் ரோடு தானாகவே வளைந்தது. குட்டைக்குக் கரை போட்டேன். இலுப்பைக்கு ஒரு வட்டம் போட்டு நீட்டினேன். மரத்தடியார் தலையை நிமிர்த்திக் கிளைகளைப் பார்த்தார். அப்புறம் படத்தைப் பார்த்தார்.

"வட்டம் சின்னதா இருக்குது. அது இன்னும் வளரும்யா."

மறுபடி சுரண்டினேன். பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

சில வருஷத்தில் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நான் போட்ட வட்டத்தையும் தாண்டி ரோட்டுக்கு மேல் இலுப்பை நிழல் விழுகிறது. அவரைத் தேடிப்பிடித்து இதைச் சொல்லி, "அப்பவே சொன்னேனேய்யா" என்று நேரில் ஒரு திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.